எலி மிதந்தால் அதற்கு மனச்சோர்வா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. ஒரு மூலிகைச் சாறு ‘மன அழுத்தத்தை விரட்டும்’ என்று எலிகளில் நிரூபித்துவிட்டார்களாம். பெரிய எழுத்தில் தலைப்பு, பக்கத்தில் காதை விறைத்துக்கொண்டு பார்க்கும் வெள்ளைச் சுண்டெலியின் படம். செய்தியை இரண்டு முறை படித்தேன். ‘நீச்சல் சோதனை’ என்று ஓரிடத்தில் வருகிறது, அவ்வளவுதான். எலியை என்ன செய்தார்கள், எதை அளந்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் ஒரு பார்மசி கல்லூரியில் 26 ஆண்டுகள் மருந்தியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அந்தச் சோதனைக்காகச் சில நூறு சுண்டெலிகளை என் கையாலேயே தண்ணீரில் விட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். வெட்டுவதானால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், அடுத்த இரண்டு பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஒரு கண்ணாடி ஜாடி. உயரம் 25 சென்டிமீட்டர், குறுக்களவு 10 சென்டிமீட்டர். உள்ளே வால் தரையில் ஊன்றாத ஆழத்துக்கு, 25 டிகிரி சூட்டில் தண்ணீர். 20, 25 கிராம் எடையுள்ள சுண்டெலியை வாலைப் பிடித்து மெல்ல இறக்குவோம். எது எந்த எலி என்று தெரிய பிக்ரிக் அமிலத்தால் தலையிலோ முதுகிலோ மஞ்சள் பொட்டு வைத்திருப்போம். எலி ஆறு நிமிடம் தண்ணீரில் இருக்கும். முதல் நிமிடம் படு வேகம்: சுவரைப் பிறாண்டும், சுற்றிச் சுற்றி நீந்தும், ஒன்றிரண்டு முங்கி அடியையும் பார்த்துவிட்டு வரும். அப்புறம் மெல்ல ஓயும். முன்னங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, முதுகைக் கூனி, மூக்கை மட்டும் மேலே வைத்து மிதக்கும். பின்னங்கால் ஒன்று எப்போதாவது தண்ணீரை ஒரு தட்டு தட்டும். முதல் இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டு, மீதி நான்கு நிமிடத்தில், அதாவது 240 நொடியில், எத்தனை நொடி சும்மா மிதந்தது என்று ஸ்டாப்வாட்சில் எடுப்போம். முடிந்ததும் துண்டில் துடைத்து, குண்டு பல்பின் கீழே காயவிட்டு, கூண்டில் சேர்ப்போம். தண்ணீரில் புழுக்கை போட்டிருந்தால் தண்ணீரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த எலியின் கணக்கு கெட்டுவிடும்.

அவ்வளவுதான் சோதனை. சாறு கொடுக்காத எலிகள் சராசரியாக 150 நொடி மிதந்தன, சாறு குடித்தவை 100 நொடிதான் மிதந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 50 நொடிதான் பத்திரிகைக்கு வந்து சேரும்போது ‘மன அழுத்தத்தை விரட்டியது’ என்று ஆகிறது. அந்த நொடிகளும் ஒன்றும் கல்லில் செதுக்கியவை அல்ல. ‘ஒற்றைக் காலைத் தட்டியது நீச்சலா மிதப்பா’ என்று என் மாணவர்கள் ஜாடிக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை போடுவார்கள். ஒரே எலி, ஒரே ஆறு நிமிடம், இரண்டு ஸ்டாப்வாட்சிலும் கணக்கு வேறு.

இந்தச் சோதனை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் ரோஜர் போர்சோல்ட்டும் கூட்டாளிகளும் 1977-ல் நேச்சர் இதழில் எழுதியது இது. அவர்கள் பெரிய எலிகளை முதல் நாள் 15 நிமிடம் தண்ணீரில் விட்டார்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடி 5 நிமிடம். மறுநாள் எலி சீக்கிரமே நீந்துவதை விட்டுவிட்டு மிதந்தது. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த இமிப்ரமின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்தால் மிதப்பது குறைந்தது. மிதப்பதை அவர்கள் விரக்தி என்று படித்தார்கள். இனித் தப்ப வழியில்லை என்று எலி கைவிட்டுவிட்டதாம். ‘நடத்தை விரக்தி’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஒரு ஜாடி, ஒரு கடிகாரம், ஒரே நாளில் விடை. உலகம் முழுக்கப் பரவியதில் ஆச்சரியம் என்ன? நம் ஊர் பார்மசி கல்லூரிகளில் மூலிகைச் சாறு வைத்து ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு இதைவிட மலிவான சோதனை கிடைப்பது கஷ்டம். இதற்கு ஒரு தம்பியும் உண்டு. எலியை வாலில் டேப் ஒட்டித் தலைகீழாக ஆறு நிமிடம் தொங்கவிட்டு, துள்ளாத நேரத்தை எண்ணுவது. 1985-ல் வந்தது. சி57 என்னும் கறுப்புச் சுண்டெலி இனத்தில் சிலது தன் வாலையே கயிறாகப் பிடித்து மேலே ஏறிக்கொண்டுவிடும். அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். எனக்கென்னவோ அவற்றுக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும் என்று தோன்றும்.

சரி, மிதப்பது விரக்திதானா?

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அப்பா. பவானிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டுத் தள்ளிவிட்டார். குடுக்கையை அவிழ்த்த அன்று அவர் முதலில் சொல்லித்தந்தது நீந்துவதை அல்ல. ‘கையும் காலும் சலித்துப்போனால் அடித்துக்கொள்ளாதே, மல்லாந்து மித. மூக்கு மேலே இருந்தால் போதும், யாராவது வருவார்கள்’ என்றார். பிறகு காலிங்கராயன் வாய்க்காலில் ஒருமுறை இழுத்துக்கொண்டு போனபோது அப்படித்தான் மிதந்தேன். கரையிலிருந்து யாராவது ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்தால் எனக்கு முற்றிய மனச்சோர்வு என்று எழுதியிருப்பார்கள்.

இது என் சொந்தச் சரடு அல்ல. போர்சோல்ட்டின் கட்டுரை வந்த சில காலத்திலேயே, அது கைவிடல் அல்ல, கற்றல் என்று சிலர் சொன்னார்கள். முதல் நாள் பதினைந்து நிமிடம் தேடியும் வழி இல்லை. ஆனால் கடைசியில் ஒரு கை வந்து தூக்கிவிட்டது. இதை நினைவில் வைத்திருக்கும் எலி மறுநாள் ஏன் வீணாகத் தண்ணீரை அடிக்க வேண்டும்? பலத்தைச் சேமிக்கிறது. அட்ரினல் சுரப்பியை நீக்கிய எலிகளில் 1980-களில் செய்து பார்த்தார்கள். அவை மறுநாள் குறைவாகத்தான் மிதந்தன. அந்தச் சுரப்பியின் நெருக்கடி ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் பழையபடி மிதந்தன. நேற்றைய பாடத்தை மூளையில் பதிய வைப்பதில் அந்த ஹார்மோனுக்குப் பங்கு இருக்கிறது என்றுதான் இதைப் படிக்க முடியும். மிதப்பது நோயின் அடையாளம் என்றால், ஹார்மோன் இல்லாத எலிதான் ஆரோக்கியமான எலி என்று சொல்ல வேண்டிவரும். நெதர்லாந்தின் மோலண்டைக்கும் டி க்ளோட்டும் 2015-ல் எழுதிய கட்டுரை, இந்த அசையாமை தகவமைப்புதான், மனச்சோர்வைக் காட்டுவதல்ல என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் கேத்ரின் காமன்ஸ் குழு 2017-ல், இந்தச் சோதனை அளப்பது நெருக்கடியை விலங்கு சமாளிக்கும் உத்தியைத்தான் என்று எழுதியது. நீந்துவது ஒரு சமாளிப்பு, மிதப்பது இன்னொரு சமாளிப்பு. எது நல்லது என்பது ஜாடியைப் பொறுத்தது.

இங்கேதான் நம் தமிழ் காலை வாருகிறது. ஸ்ட்ரெஸ் என்றாலும் மன அழுத்தம், டிப்ரெஷன் என்றாலும் மன அழுத்தம் என்றே பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆபீஸ் வேலை நெருக்குவதும் மன அழுத்தம், வாரக்கணக்கில் எழுந்து பல் விளக்கக்கூட முடியாமல் கிடப்பதும் மன அழுத்தம். தண்ணீரில் விட்ட எலிக்கு நெருக்கடி உண்டு, அதில் சந்தேகமில்லை. அந்த நெருக்கடி, அதை எலி சமாளிக்கும் விதம், மனிதருக்கு வரும் மனச்சோர்வு நோய் ஆகிய மூன்றும் உங்கள் செய்தியில் ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. மனச்சோர்வு என்று நல்ல சொல் இருக்கிறது. அதை அந்த நோய்க்கு மட்டும் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆய்வுக் கட்டுரைகளில் இன்னொரு சொல்லும் இருக்கும். ‘மனச்சோர்வு போன்ற நடத்தை’, ‘மனச்சோர்வு மருந்து போன்ற விளைவு’ என்று எழுதுவார்கள். இந்தப் ‘போன்ற’ ஆய்வகத்திலிருந்து கிளம்பும்போது இருக்கிறது. கல்லூரியின் செய்திக் குறிப்புக்கு வரும்போது மெலிகிறது. அச்சில் ஏறும்போது காணாமல் போய்விடுகிறது.

காபி விஷயத்தையும் சொல்ல வேண்டும். காபியில் உள்ள கஃபீன் கொடுத்தாலும் எலி மிதப்பது குறையும், ஆம்ஃபெட்டமின் கொடுத்தாலும் குறையும். ஊக்கி எதைக் கொடுத்தாலும் எலி துறுதுறுவென்று நீந்தும். அதனால்தான் ஆக்டோஃபோட்டோமீட்டர் என்னும் பெட்டியில் எலியை விட்டு, வெறும் ஓட்டம் கூடியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்வோம். அதைப் பார்க்காத ஆய்வு என்றால், கும்பகோணம் டிகிரி காபியையும் மனநல மருந்து என்று போட்டுவிடலாம்.

காலக் கணக்கும் உதைக்கிறது. எலிக்கு மருந்து ஊசி போட்ட ஒரு மணி நேரத்திலேயே இந்தச் சோதனையில் வித்தியாசம் தெரியும். மனச்சோர்வில் இருக்கும் ஒருவருக்கு அதே மருந்து பிடிக்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும். ஒரு மணி நேரத்தில் மாறுவதும் ஒரு மாதத்தில் மாறுவதும் ஒன்றாகவே இருக்குமா? இன்னொன்று, தண்ணீரின் ஆழம். போர்சோல்ட் எலிகளுக்கு வைத்தது 15 சென்டிமீட்டர். அந்த முறையில், இன்று மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கும் ஃப்ளுவாக்சடின் வகை மாத்திரைகள் சரியாகப் பிடிபடவில்லை. 1995-ல் இர்வின் லூக்கியின் குழு ஆழத்தை 30 சென்டிமீட்டராக்கி, நீந்துவதையும் சுவரில் ஏறப் பார்ப்பதையும் தனித்தனியாக எண்ணியது. அப்போது அந்த மருந்துகளின் விளைவும் தெரிந்தது. நீந்தும் நேரம் கூடுவது அதில்தான் புலப்பட்டது. ஆக, ஒரு சாண் தண்ணீர் கூடினால் தீர்ப்பே மாறுகிறது.

எங்கள் கல்லூரி செமினார் ஹாலில் ஒருமுறை ஊக்கப் பேச்சாளர் ஒருவர் வந்தார். 15 நிமிடத்தில் மூழ்கும் எலியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டால் 60 மணி நேரம் நீந்தியது, காரணம் நம்பிக்கை என்றார். கைதட்டல் அடங்கவில்லை. வாட்ஸப்பிலும் இந்தக் கதை ஓயாமல் சுற்றுகிறது. அது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கர்ட் ரிக்டர் செய்து 1957-ல் எழுதியது. சட்டென்று செத்தவை பெரும்பாலும் புதிதாகப் பிடித்து வந்த காட்டு எலிகள், அவற்றுக்கு மீசை முடியையும் கத்தரித்திருந்தார்கள். நாள்கணக்கில் நீந்தியவற்றில் பல, ஆய்வகத்தில் வளர்ந்த எலிகள். அவற்றை யாரும் நடுவில் தூக்கிவிடவே இல்லை. காட்டு எலிகளையும் இடையிடையே தூக்கிவிட்டுப் பழக்கினால் அப்படிச் சட்டென்று சாகவில்லை என்று ரிக்டர் எழுதியது உண்மைதான். ஆனால் இரண்டு வேறு எலிகளின் கதையை ஒரே எலியின் கதையாக்கி மேடையில் ஏற்றியது அவர் அல்ல.

விலங்கு கைவிட்டுவிட்டது என்று படித்ததைப் பிற்பாடு திருத்திக்கொண்ட கதை இன்னொன்றும் உண்டு. தப்பிக்க முடியாத மின் அதிர்ச்சியைக் கொடுத்த நாய்கள், பிறகு தப்ப வழி வைத்தாலும் படுத்துக் கிடந்தன. அதனால் அவை ‘கையறுநிலையைக் கற்றுக்கொண்டன’ என்று 1967-ல் அமெரிக்க உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் சொன்னார்கள். நானும் அதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அந்த இரண்டு பேருமே தாங்கள் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் உடல் செயலற்றுப்போவதுதான் இயல்பான முதல் பதில், அதை யாரும் கற்க வேண்டியதில்லை. ‘இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்பதைத்தான் மூளையின் முன்பகுதி கற்றுக்கொள்கிறதாம். தன் புகழுக்குக் காரணமான வாக்கியத்தைத் தானே திருப்பிப்போட எவ்வளவு மனசு வேண்டும்! நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி இரண்டு வருடம் பாடத்தை மாற்றி எடுத்தேன். பழைய பேட்ச் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியவில்லை.

இதற்காக நீச்சல் சோதனையே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒரு புது வேதிப்பொருள் மூளைக்குள் போய் ஏதாவது செய்கிறதா என்று முதல் சல்லடையாகப் பார்க்க அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் சல்லடையில் நின்றதெல்லாம் அரிசி ஆகாது, கல்லும் நிற்கும். இமிப்ரமின் மனச்சோர்வுக்கு ஆகும் என்று முதலில் தெரிந்தது எலியிடமிருந்து அல்ல. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மருத்துவர் 1950-களில் நோயாளிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கண்டது அது. எலி பிற்பாடுதான் வந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-ல் இந்தச் சோதனையைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. இங்கே கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்தால் நடக்கும். நானும் அந்தக் குழுவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவள்தான். இன்றைக்கு என்றால், பட்டம் வாங்க மட்டும் ஜாடியைத் தூக்கும் ஆய்வுக்குப் போட மாட்டேன்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண். பிள்ளை பிறந்த பிறகு மனச்சோர்வு வந்து, மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தேறி வந்தாள். மாமியார் வீட்டில் யாரோ சொல்லி, நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொடி வாங்கினாள். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். பத்து நாளில் தலைசுற்றல், தூக்கமில்லை, அப்புறம் பழைய இருட்டு. திரும்ப மருத்துவரிடம் கூட்டிப்போய்ச் சரியாக ஆறு மாதம் ஆயிற்று. அந்தக் கடைக்கு நான் போய்ப் பார்த்தேன். கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், லேமினேஷன் போட்ட பத்திரிகைச் செய்தி. உங்கள் நாளிதழ் இல்லை, வேறொன்று. ‘எலிகளில்’ என்ற சொல் நாலாவது பத்தியில் இருந்தது. கடைக்காரர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அச்சில் வந்ததை நம்பியிருக்கிறார்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் எந்த விலங்கு, எத்தனை விலங்கு, என்ன செய்தார்கள், என்ன அளந்தார்கள் என்று போடுங்கள். ‘எலிகளில்’ என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று கடைசியில் ஒரு வரி. நாலு வரி இடம் போதும்.

என் பெயரை வெளியிட வேண்டாம். பழைய மாணவர்கள் பலர் இப்போது இதே சோதனையை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நான் மட்டும் யோக்கியம் என்றும் நினைக்க வேண்டாம். என் சொந்த ஆய்வேட்டில், எங்கள் வேலியோரத்து இலை ஒன்றுக்கு (பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் நாளைக்கே பொடியாகிவிடும்) ‘மனச்சோர்வைப் போக்கும் ஆற்றல் உண்டு’ என்று முடிவுரை எழுதியிருக்கிறேன். ஒரு குழுவுக்கு ஆறு சுண்டெலி, ஒரு ஜாடி, ஒரு ஸ்டாப்வாட்ச். போன வாரம் உங்கள் செய்தியைப் படித்ததும் பரணிலிருந்து அதை இறக்கினேன். அந்த வரியை அடித்துவிட்டு, ‘சாறு கொடுத்த சுண்டெலிகள் தண்ணீரில் குறைந்த நேரம் மிதந்தன’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நகல் வேண்டுமானால் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியை,
பவானி.